மேசைக்கு மரம், அளவுக்கு அலுமினியம்

பதுளை டவுனில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு அலுமினியக் கடை வரும். ஜன்னல், சோகேஸ், பேன்ட்ரி கபோர்ட், கடைக்கு பார்ட்டிஷன். அந்தச் சட்டங்களை எல்லாம் நாங்க சின்ன வயசில இருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கிறோம். ஆனா மரவேலை செய்யிறவனுக்கும் அந்தக் கடைக்கும் ஏதாவது தொடர்பு இருக்கும்னு நாங்க நினைச்சதே இல்ல. இப்ப நினைக்கிறோம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நாங்க ஐந்து பேர். பசறைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள். ரெண்டு பேர் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படிச்சவங்க. ஒருத்தர் கொழும்பில் தளபாடக் கடையில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். மற்ற ரெண்டு பேருக்கும் சுத்தியல் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். சேர்ந்து ஏதாவது செய்து விற்கலாம் என்று தொடங்கினோம். முதலில் வந்த பிரச்சினை மரம் இல்ல, காசுகூட இல்ல. இடம்.

லயக் காம்பரா எவ்வளவு பெரிசு என்று இதை வாசிக்கிற பலருக்குத் தெரியும். பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதுக்குள்ள ஒரு குடும்பம். வெளியில் ஒரு இஸ்தோப்பு. அந்த இஸ்தோப்பில்தான் பகலில் துணி காயும், சாயங்காலம் பிள்ளைகள் படிக்கும், ராவில் யாராவது படுப்பாங்க. பக்கத்தில் ஒரு கொட்டில் போடலாம் என்றால் நிலம் நம்முடையது இல்ல. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன பிறகும் அந்த விஷயத்தில் எதுவும் மாறல. ஒரு தூண் நடுவதுக்கும் ஆபிஸ் வாசலில் போய் நிற்கணும். அப்ப எங்களுக்கு வேண்டியது காலையில் பூட்டி, சாயங்காலம் கழட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளி வைக்கிற மாதிரி ஒரு வேலை மேசை.

யூடியூபில் தேடினால் இதுக்கு ஒரே பதில்தான் வருது: டி-ஸ்லொட் அலுமினியச் சட்டம்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமாச் சொல்றோம். அலுமினியக் கட்டியை ஏறக்குறைய 450 முதல் 500 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, ஓட்டை வெட்டிய உருக்கு அச்சு வழியாக அழுத்தித் தள்ளினால், இடியாப்ப உரலில் மா வருகிற மாதிரி, அச்சின் வடிவத்திலேயே நீளமான சட்டம் வெளியே வரும். ஜன்னல் சட்டமும் இப்படித்தான் வருது. டி-ஸ்லொட் சட்டத்தில் நாலு பக்கமும் நீளத்துக்கு ஒரு காடி ஓடும். காடியின் வாய் சிறிசு, உள்பக்கம் அகலம். ஆங்கில டி எழுத்து மாதிரி. அதுக்குள்ள ஒரு நட்டைப் போட்டு போல்ட்டை முறுக்கினால், சட்டத்தில் எந்த இடத்திலும் எதையும் பூட்டலாம். துளை போட வேண்டாம், வெல்டிங் வேண்டாம். தளர்த்தினால் நகரும், முறுக்கினால் நிற்கும். 2020 என்றால் 20 மில்லிமீட்டர் சதுரம், 4040 என்றால் 40 மில்லிமீட்டர் சதுரம், 4080 என்றால் 40க்கு 80. பெரும்பாலும் 6063 என்கிற கலப்புலோகம். தொழிற்சாலைகளில் மெஷின் கூடு கட்டுவதுக்காக ஐரோப்பாவில் வந்த சாமான், முப்பரிமாண அச்சு இயந்திரம் செய்யிறவங்க கையில் போய், இப்ப மரவேலைக்காரர்களிடம் வந்திருக்கு.

இது எங்களுக்காகவே செய்த சாமான் என்று நினைச்சோம். ஒரு மாசம் காசு சேர்த்து, ஒன்லைனில் 2020 சட்டம், மூலைத் துண்டு, நட்டு எல்லாம் வரவழைச்சோம். 1200க்கு 600 மில்லிமீட்டரில் ஒரு சட்டகம், நாலு கால், மேலே ப்ளைவுட் பலகை. பூட்டி முடிச்சப்ப படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிற அளவுக்கு அழகா இருந்தது. வெச்சோம்.

அடுத்த நாள் ஒரு சவுக்குப் பலகையைச் சீவுளி போட்டோம். மேசை நடந்தது. ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு அங்குலம் முன்னால போகுது. கால் ஆடுது, சட்டகம் சரியுது. இஸ்தோப்பு முழுக்கத் தாண்டி வாசப்படிக்கு வந்துட்டது. அந்த நேரம் பார்த்து எங்க தோட்டத்துப் பழைய பாஸ் வந்தார். முப்பது வருஷத்துக்கு மேல பேக்டரியில் தச்சு வேலை பார்த்த மனுஷன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "ஏன் தம்பி, மேசை பெரட்டுக்கா போகுது?" என்று கேட்டார்.

சிரிச்சோம். ஆனா கோபமும் வந்தது, எங்க மேலேயே. ஏன்னா எங்களில் ரெண்டு பேர் பொறியியல் தொழில்நுட்பம் படிச்சவங்க. வாங்குறதுக்கு முன்னால கணக்குப் போட்டிருக்கலாம். போடல. பிறகுதான் போட்டோம். அந்தக் கணக்கை இங்க எழுதுறோம், உங்க காசாவது மிஞ்சட்டும்.

அலுமினியத்தின் விறைப்பு ஏறக்குறைய 70 கிகாபாஸ்கல். நம்ம பக்கத்து மரங்களுக்குச் சும்மா ஒரு 10 என்று வைத்துக்கொள்ளலாம். அப்ப அலுமினியம் ஏழு மடங்கு விறைப்பு. இதை மட்டும் பார்த்தா அலுமினியம் ஜெயிச்ச மாதிரி தெரியும். ஆனா வளையாமல் நிற்பது பொருளால் மட்டும் இல்ல, உயரத்தாலும். ஒரு கட்டையின் உயரம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு ஆகும். 2க்கு 4 அங்குல டர்பன்டைன் கட்டையை நிமிர்த்தி வைத்துக் கணக்குப் பார்த்தால், அது 4040 அலுமினியச் சட்டத்தைவிட நாலைந்து மடங்கு விறைப்பா வருது. நாங்க வாங்கின 2020, 4040இன் விறைப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்ல. மரத்தோடு ஒப்பிடவே முடியாது.

அடுத்தது பாரம். 2020 சட்டம் மீட்டருக்கு அரைக் கிலோ அளவுதான் வரும். தூக்கிக்கொண்டு போக நல்லது. ஆனா சீவுளி போடுறவனுக்கும் உளி அடிக்கிறவனுக்கும் மேசையில் பாரம் வேண்டும். பாரம் இல்லாத மேசை, அடி வாங்கும்போது அந்த அடியை மரத்துக்குத் திருப்பித் தராது, தானே துள்ளும்.

ஆகவே எங்க முதல் கருத்து இது. முழு மேசையையும் அலுமினியத்தில் செய்யாதீங்க. வெளிநாட்டு வீடியோக்களில் அழகாகத் தெரியிற அந்த மேசைகள் பெரும்பாலும் மின் கருவிகளுக்கு. பெஸ்டூல் கம்பனியின் எம்.எப்.டி. மேசை இதில் பேர் போனது. சுற்றிலும் அலுமினியச் சட்டம், மேலே எம்.டி.எப். பலகை, 96 மில்லிமீட்டருக்கு ஒரு தடவை 20 மில்லிமீட்டர் துளை. மின்வாளால் வெட்ட, பலகையை இறுக்கிப் பிடிக்க, ஒட்ட அது அருமையான மேசை. அதில் நின்று கையால் சீவுளி தள்ளினால் அதுவும் அசையத்தான் செய்யும்.

அப்ப அந்தச் சட்டங்களை என்ன செய்தோம்? விற்கப் பார்த்தோம், யாரும் வாங்கல. அதுதான் எங்களுக்கு நடந்த நல்லது.

பாஸ் சொன்னபடி மேசையை மரத்தில் செய்தோம். பழைய பேக்கிங் பெட்டிப் பலகையும், விறகுக்கு வந்ததில் கொஞ்சம் நேராக இருந்த டர்பன்டைன் கட்டைகளும். ரெண்டு குதிரைக்கால், மேலே தடிச்ச ரெண்டு பலகை, குறுக்குக் கட்டைகளை ஆப்பு அடித்து இறுக்குவது. கழட்டலாம், பூட்டலாம். பாரம் போதாதபோது கீழ்த்தட்டில் ரெண்டு கல் வைக்கிறோம். மேசை நடக்கிறதில்ல.

அதுக்குப் பிறகு ஒரு வேலை வந்தது. பக்கத்துக் கிராமத்து ஐயா ஒருவர் தேனீ வளர்க்கிறார். பண்டாரவளையில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருப்பதால், இந்தப் பக்கத்தில் தேனீப் பெட்டி பலருக்கும் தெரிந்த விஷயம். மாதிரிக்கு ஒரு பெட்டியைத் தந்து, இதே மாதிரி பத்து வேண்டும் என்றார். பெட்டிக்கு ஆறு சட்டம், சட்டத்துக்கு நாலு குச்சி. 240 குச்சி.

தேனீப் பெட்டி சும்மா ஒரு பெட்டி இல்ல. 1851இல் லாங்ஸ்ட்ரோத் என்ற அமெரிக்கர் கவனித்த விஷயம் இது: தேனீ தான் நடமாடுவதுக்கு ஏறக்குறைய 6 முதல் 9 மில்லிமீட்டர் இடைவெளியை மட்டும் சும்மா விடும். அதைவிட அகலமாக விட்டால் அங்கேயும் அடை கட்டிவிடும். பிறகு சட்டத்தைத் தனியாகத் தூக்க முடியாது. ஒரு சட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் பிழைத்தால் பரவாயில்லை போலத் தெரியும். ஆறு சட்டத்திலும் ஒரே பக்கம் பிழைத்தால் ஆறு மில்லிமீட்டர், ஒரு தேனீப் பாதையே போய்விடும்.

240 குச்சியை ஒவ்வொன்றாக அளந்து, கோடு போட்டு, வெட்டுவது பாஸுக்கு முடியும். எங்களால் முடியாது. முதல் இருபதில் ஏழு தப்பு. அப்பதான் மூலையில் கிடந்த 2020 சட்டம் ஞாபகம் வந்தது. ஒரு மீட்டர் சட்டத்தை மேசையின் பின் ஓரத்தில் நீளத்துக்குத் திருகினோம். அதில் ஒரு தடுப்புக்கட்டையை நட்டுப் போட்டுப் பூட்டினோம். குச்சியைச் சட்டத்தோடு அணைத்து, தடுப்பில் முட்டவைத்து, வெட்டு. அடுத்தது. அடுத்தது. முதல் குச்சியை மட்டும்தான் அளந்தோம். மற்றதெல்லாம் தானாக ஒரே நீளம். நீளம் மாற வேண்டுமா? போல்ட்டைத் தளர்த்தி நகர்த்தி முறுக்கு. 240 குச்சியும் ரெண்டு நாளில் முடிஞ்சது. வெட்டப் பழகினவர் எங்களில் மரவேலையே தெரியாத தங்கச்சி.

இந்தக் கட்டுரையில் நாங்க சொல்ல வந்த விஷயம் இதுதான். டி-ஸ்லொட் சட்டத்தின் பெறுமதி அதன் பலத்தில் இல்ல. அது நேரா இருக்கிறதிலும், நகர்த்தின இடத்தில் நிற்கிறதிலும்தான் இருக்கு.

நேரா இருக்கிறது என்றால் சின்ன விஷயம் இல்ல, முக்கியமா ஊவாவில். ஜூலை, ஆகஸ்ட் மாசம் வரட்டுக் காத்து அடிக்கும். ஊவாத் தேயிலைக்கு மணம் தர்ற அதே காத்து. ஒக்டோபரில் மழை பிடித்தால் ஜனவரி வரைக்கும் ஈரம். இந்த ரெண்டுக்கும் நடுவில் மரம் சும்மா இருக்காது. ஒரு அடி அகலப் பலகை குறுக்குவாட்டில் ரெண்டு மூணு மில்லிமீட்டர் சுருங்கி விரியும். நீளவாட்டில் மாற்றம் குறைவுதான், ஆனா முறுக்கிக்கொள்ளும். பச்சையா அறுத்த டர்பன்டைன் இதில் ரொம்ப மோசம். ஆகஸ்டில் மரத்தில் செய்த அளவுச்சட்டம் டிசம்பரில் வில்லா வளைஞ்சு நிற்கும். அலுமினியத்துக்கு ஈரம் ஒரு பொருட்டே இல்ல. சூட்டுக்கு விரியும். பத்துப் பாகை ஏறினால் ஒரு மீட்டருக்குக் கால் மில்லிமீட்டர்கூட இல்ல.

காஞ்ச நல்ல மரம், சூளையில் உலர்த்தின மரம் வாங்க வசதி இருக்கிறவனுக்கு இந்தப் பிரச்சினை பாதிதான். எங்களுக்குக் கிடைப்பது மிச்ச மரம். மிச்ச மரத்தில் வேலை செய்யிறவனுக்குத்தான் மாறாத ஒரு சட்டம் அதிகமா தேவைப்படுது.

இதுக்கு எதிரா எங்க நண்பர்களே சொல்ற ரெண்டு விஷயம் இருக்கு. ரெண்டும் நியாயமான கேள்வி.

ஒன்று, இது காசுக்காரன் விளையாட்டு. உண்மைதான். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று ஆனது. எதை வாங்கும்போதும் அதன் விலையை நாங்க நாட்சம்பளத்தால் வகுத்துப் பார்க்கிறோம். எத்தனை பேர் இதுக்குப் போகுது? அம்மா எத்தனை நாள் மலைக்கு ஏறணும்? முழு மேசைக்கு அப்படிக் கணக்குப் போட்டால் மனசு கேட்காது. ஆனா ஒரு மீட்டர் சட்டம், நாலு நட்டு, நாலு போல்ட்டுக்கு அந்தக் கணக்கு வேற. ஐந்து பேர் பிரிச்சா இன்னும் குறையும். அதோட, டி-ஸ்லொட்தான் வேண்டும் என்றும் இல்ல. ஏசி வேலைக்கும் கரண்ட் வேலைக்கும் பாவிக்கிற 41 மில்லிமீட்டர் ஸ்ட்ரட் சனல் இரும்பில் வருது. அதிலும் இதே மாதிரி நட்டை உள்ளே போட்டு நகர்த்தலாம். பாரம் கூட, துல்லியம் கொஞ்சம் குறைவு, ஆனா பெரிய ஹார்ட்வெயாரில் கேட்டுப் பார்க்கலாம். அலுமினியக் கடையில் வெட்டி மிஞ்சின ஜன்னல் துண்டுகூட அணைசட்டத்துக்குப் போதும், நேரா இருந்தா சரி. அதுவும் இல்லையா, ஒரு பலகையில் அகலமாகக் காடி வெட்டி, மேலே ரெண்டு பக்கமும் மெல்லிசு ரீப்பை அடித்தால் மரத்திலேயே டி-ஸ்லொட் வந்துவிடும். வளையும், ஆனா ஒரு வேலைக்குத் தாங்கும்.

இலங்கையில் அலுமினியச் சட்டம் செய்யத் தெரியாமல் இல்ல. ஹேலீஸ் குழுமத்தின் அலுமெக்ஸ் மாதிரி பெரிய தொழிற்சாலையே இருக்கு. ஜன்னலுக்கும் கதவுக்கும் ஊர் ஊரா சட்டம் வருது. பதுளையில் நாங்க ஏறின கடைகளில் டி-ஸ்லொட் என்றால் மட்டும் "அது என்ன" என்று கேட்டாங்க. கேட்கிற ஆள் கூடினால் கடைக்கும் வரும். அதுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுறோம்.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் கனமானது. தடுப்புக்கட்டை வெச்சு வெட்டினால் கைத்திறன் என்ன ஆகும்? பாஸ்மாரின் தொழிலை நாங்களே குழி தோண்டிப் புதைக்கிறோமா?

நாங்க அப்படி நினைக்கல. பாஸிடம் கேட்டோம். அவர் பேக்டரியில் இருந்த காலத்திலேயே மரத்துண்டில் ஆணி அடித்து இதே மாதிரி தடுப்பு வைத்துத்தான் வெட்டினாராம். ஜிக் என்ற பேர் மட்டும்தான் புதுசு. இன்னொன்றும் சொல்லித் தந்தார். எங்க சட்டகம் சதுரமா இருக்கா என்று பார்க்க நாங்க மூலைமட்டத்தை நாலு மூலையிலும் வைத்துக்கொண்டிருந்தோம். அவர் ஒரு நூலை எடுத்து, மூலைக்கு மூலை குறுக்கே பிடித்தார். ரெண்டு குறுக்கும் ஒரே நீளமா இருந்தா சதுரம். 1200க்கு 600 என்றால் ரெண்டு பக்கமும் 1342 வரணும். எங்களுக்கு ஒன்று 1338, மற்றது 1345. காரணத்தையும் அவரே கண்டுபிடிச்சார்: அலுமினியத்தை ஹெக்சோ பிளேடால் வெட்டின முனை நேரா இல்ல. முனை சாய்ஞ்சா முழுச் சட்டகமும் சாயும். அரம் போட்டுச் சரி பண்ணினோம். அலுமினியத்தைத் தொட்டே பார்க்காத மனுஷன், அலுமினியத்தின் பிழையை நூலால் கண்டுபிடிச்சார். அப்ப எது அழியுது?

அழியிறது வேற ஒன்று. எங்க தோட்டத்தில் அவருக்குப் பிறகு தச்சு தெரிஞ்ச ஆள் இல்ல. ஏன் இல்ல? முன்னெல்லாம் ஒரு பையன் பத்து வருஷம் பாஸ் பின்னால திரிந்து தொழில் பழகினான். இப்ப யாருக்கும் பத்து வருஷம் கையில் இல்ல. பாடசாலை முடிச்ச கையோட கொழும்புக்குப் போகணும், கடையில் நிற்கணும், வீட்டுக்குக் காசு அனுப்பணும். தொழில் படிக்கலாம் என்று போனால், பக்கத்து நிலையத்தில் அந்தப் பாடநெறி சிங்களத்தில் மட்டும்தான் என்றாங்க, எங்களில் ஒருத்தர் அப்படித் திரும்பி வந்தவர். இந்த நிலைமையில், முதல் வாரத்திலேயே விற்கிற மாதிரி ஒரு குச்சியை ஒருத்தியால் வெட்ட முடியுது என்றால், அவள் ரெண்டாவது வாரமும் வருவாள். ரெண்டாவது வாரம் வந்தால்தான் உளி தீட்டப் பழகுவாள். கைத்திறனுக்குள் நுழையிறதுக்கு ஜிக் ஒரு வாசப்படி.

அதோட, பாஸ் மாதிரி ஆட்களுக்கும் ஒரு வழி இருக்கு, பலருக்கு அது தெரியாது. தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ. சான்றிதழை, வகுப்புக்குப் போகாமலே அனுபவத்தை வைத்து மதிப்பீடு செய்தும் தர்றாங்க. முன் கற்றலை அங்கீகரித்தல் என்று பேர். நைட்டா என்கிற தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையிடம் விசாரிக்கலாம். முப்பது வருஷம் வேலை செய்து கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லாத மனுஷர் உங்க லயத்திலும் இருப்பார். அவருக்கு அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கிறது, ஸ்டேட்டஸ் வைக்கிறதைவிட நல்ல வேலை.

கடைசியா சில நடைமுறை விஷயம். அணைசட்டத்துக்கு 2020 போதும், ஆனா தாங்குகிறதுக்கு ஒன்றும் இல்லாமல் அந்தரத்தில் விடாதீங்க, மரத்தோடு சேர்த்துத் திருகுங்க. அந்தரத்தில் போகணும் என்றால் 4040. நட்டு வாங்கும்போது காடி அளவைப் பாருங்க, ஒரு தொடரின் நட்டு இன்னொன்றுக்குப் பொருந்தாது. நாங்க ஒரு பை நட்டை அப்படி வீணாக்கினோம். மின்வாள் ஓடுகிற பாதையில் அலுமினியமும் போல்ட்டும் வராத மாதிரி, வெட்டுமிடத்தில் ஒரு மரத்துண்டை வையுங்க. அலுமினியம் அறுக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி போடுங்க, அந்தத் தூள் மரத்தூள் மாதிரி இல்ல.

எங்க ஆசை பெரிசு இல்ல. ஒவ்வொரு தோட்டத்துக்கும் தொழிற்பேட்டை கேட்கல. வாசிகசாலையோ, சனசமூக நிலையமோ, கோயில் மண்டபமோ, பூட்டிக் கிடக்கிற ஒரு அறை போதும். அதில் பாரமான ஒரு மர மேசை, ஒரு மீட்டர் சட்டம், ரெண்டு தடுப்புக்கட்டை, ஒரு மூலைமட்டம், ஒரு நூல். சாமான் பொதுவா இருந்தால் எந்த வீட்டுக்கும் பாரம் இல்ல. வாரத்தில் ரெண்டு நாள் பாஸ் வந்து உட்கார்ந்தால் அதுவே பயிற்சி நிலையம், அதுவும் தமிழில்.

அது வரும் வரைக்கும் எங்க மேசை இஸ்தோப்பில்தான். காலையில் பூட்டுறோம், சாயங்காலம் கழட்டுறோம். பத்துப் பெட்டியும் கொடுத்தாச்சு. ஐயா இன்னும் ஆறு கேட்டிருக்கிறார். தடுப்புக்கட்டையை அந்த அளவிலேயே முறுக்கி வைத்திருக்கிறோம். யாரும் தளர்த்தாதீங்க.